வா என்று கூப்பிட்டவள்

இதை நான் சொல்ல ஆரம்பித்தால் என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். பொய்யாக இருந்தால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார். நடந்தது என்பதால்தான் அவரால் உட்கார முடிவதில்லை. நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப்போவதில்லை. என் வீட்டில் நடந்தது, என் காதால் கேட்டேன், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் ஜப்பானில், கிஃபு பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணவர் ஞானசேகருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. வீடு திரும்ப எட்டு ஒன்பது ஆகிவிடும். மகன் நிதிலனுக்கு நான்கு வயது. குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் என்னைவிட நன்றாக ஜப்பான் மொழி பேசுவான். கறிவேப்பிலை தவிர எதை வாங்கவும் அவன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். பக்கத்து வீட்டில் கொமோரி அம்மா, தனிக்கட்டை, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் குப்பையைத் தவறாகப் பிரித்துப் போட்டால், பையைத் திரும்ப எடுத்துவந்து என் வாசலிலேயே வைத்துவிட்டுக் குனிந்து வணங்கிவிட்டுப் போவார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அந்த வருஷம் கோடையில் எனக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது. ஐந்தாம் மாதம். பெண் என்றார்கள். நிதிலனிடம் சொல்லவே இல்லை, அம்மாவுக்கு வயிற்றுவலி என்று சொல்லி வைத்தோம். எரியூட்டும் இடத்துக்குக் கணவர் ஒருவர்தான் போனார். திரும்பி வந்து குளித்துவிட்டு, எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார்.  ஊரிலிருந்து போனில் கேட்டவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்றேன்.

காப்பகத்துக்குப் போகிற வழியில் ஒரு குளம். அதன் கரையில், மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சாமி. மொட்டைத் தலை, குழந்தை முகம். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். முன்னால் பொம்மைக் கார், சின்னப் பெட்டியில் பால். எனக்கு என்ன தோன்றும்? பிள்ளை வரம் கொடுக்கிற சாமி என்று நினைத்துவிட்டேன். நம் ஊர்ப் பெண் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

டிசம்பரில் ஒருநாள் என் பச்சைப் புடவையில் மாங்காய்க் கரையோடு ஒரு முழம் கிழித்தேன். உள்ளே கூழாங்கல் ஒன்றை வைத்து, சாமிக்கு மேலே இருந்த கிளையில் தொட்டில் கட்டினேன். ஊரில் கோயில் மரத்தில் கட்டுவது மாதிரியேதான். ஆனால் புதிதாக ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குப் போனவள்தான் வேண்டும். தொட்டிலை ஆட்டிவிட்டு, "வா கண்ணு, வீட்டுக்கு வா" என்றேன்.

காற்றே இல்லை. நான் கையை எடுத்து வெகுநேரம் ஆன பிறகும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு போடுவார்கள். விளையாடுகிற பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்று அர்த்தம். குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும். மறுநாள் அந்தப் பாட்டு முடிந்ததும் எங்கள் சமையலறைச் சுவரில் மணி அடித்தது.

டிங்... டிங்... டிங்...

அது குளியலறை மணி. குளியல் தொட்டியில் இருப்பவர் ஏதாவது வேண்டுமென்றால் அங்கே உள்ள பொத்தானை அழுத்துவார், சமையலறையில் மணி அடிக்கும். நிதிலனோ என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

போய்ப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. பொத்தான் மட்டும் ஈரமாக இருந்தது.

"ஒயர்ல தண்ணி போயிருக்கும் கோதை" என்றார் கணவர். பழுது பார்க்கும் ஆளை வரவழைத்தார். வந்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றும் ஐந்து மணிக்கு அடித்தது.

பிறகு ஷூக்கள். நிதிலன் காலை உதறிக் கழற்றி எறிகிற ஜாதி. ஒன்று வாசலில் கிடக்கும், ஒன்று குடைக்கடியில் கிடக்கும். அவை தினமும் மாலையில் ஜோடியாக, கதவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள் வைப்பது போல.

"நீயா வச்ச?"

"நான் இல்லம்மா."

வேறு யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. பயந்தேனா என்றால்... இல்லை. கூப்பிட்டேன், வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். கணவருக்குத் தெரியாமல் பால் காய்ச்சி, ஆற்றி, குளியலறைக் கதவருகே வைத்தேன். பால் ஆடை படிந்து அப்படியே இருந்தது. குழந்தைதானே, பழகட்டும் என்று மறுநாளும் வைத்தேன்.

ஒருநாள் மணி அடித்த பிறகு, குளியலறைப் பக்கம் நிதிலன் குரல் கேட்டது. ஜப்பான் மொழியில் பேசினான். நடுநடுவே நிறுத்தினான். யாரோ பதில் சொல்ல இடம் விடுவது போல.

"யாருகிட்டடா பேசுற?"

"அண்ணன்கிட்ட."

"எந்த... அண்ணன்?"

"மஞ்சத் தொப்பி அண்ணன். நீதான் கூப்பிட்டியாம். ஆனா நீ அவங்கம்மா இல்லையாம். அவங்கம்மா எங்கன்னு கேக்குறான்."

என் கையில் பால் டம்ளர் இருந்தது. கீழே வைத்தேன். நிதிலனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து எல்லா விளக்கையும் போட்டேன்.

மறுநாள் ஐந்து மணி. பாட்டு முடிந்தது.

மணி அடிக்கவில்லை.

அப்பாடா என்று திரும்பினேன். நிதிலன் இல்லை. வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவன் ஷூக்களைக் காணவில்லை.

ஓடினேன். குளத்தங்கரையில் தெருவிளக்கு ஒன்றுதான். அதன் வெளிச்சத்தில் நிதிலன் படியில் நின்றான். தண்ணீர் அவன் ஷூவைத் தொட்டது. ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தான்.

யாரோ பிடித்திருப்பது போல.

அவன் பின்சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். கொமோரி அம்மா. இன்னொரு கையில் பெட்டிப் பால்.

நான் நிதிலனை வாரி எடுத்துக்கொண்டேன். கொமோரி அம்மா கிளையைப் பார்த்தார். எனக்குப் புரியும்படி மெதுவாகப் பேசினார்.

"இந்தத் துணி நீ கட்டினதா?"

"ஆமாங்க. பிள்ளை வேணும்னு..."

"இது வரம் கேக்குற சாமி இல்லம்மா. பொறக்காமப் போனது, சின்னதுலயே போனது, எல்லாத்தையும் இவருதான் பாத்துக்குறாரு. நாங்க வருவோம், பால் வைப்போம், பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். வான்னு மட்டும் சொல்ல மாட்டோம்."

"சொன்னா?"

"யாரு காத்துக்கிட்டு இருக்கோ அதெல்லாம் வந்துரும்."

நிதிலன் என் தோளிலிருந்தே அவரிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான். மஞ்சள் தொப்பி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கொமோரி அம்மா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"தொப்பில நாடா ஒரு பக்கம் அறுந்திருந்துச்சா?" என்று அவனிடம் கேட்டார்.

நிதிலன் தலையாட்டினான்.

"நான்தான் தைக்காம விட்டுட்டேன். அன்னிக்கிக் காலைல அவசரம். சாயங்காலம் தைச்சுத் தரேன்னு சொன்னேன்." குளத்தைப் பார்த்தார். "ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கான். எனக்குத் தெரியாமப் போச்சே."

அவர் அழவில்லை. எழுந்து தொட்டிலை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"நீதான் கூப்பிட்ட. நீதான் போகச் சொல்லணும்."

"நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன் அவன்கிட்ட."

"பேசினா அனுப்ப மாட்டேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

 பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போது அவள் பிள்ளையை நான் விரட்ட வேண்டும். என் மகன் உடம்பு குளிரில் வெடவெடத்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"போ கண்ணு. திரும்பிப் போ. இனிமே வராத."

சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

ஓடவில்லை. மெதுவாக, கனமான எதையோ கவனமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. கல் சாமி வரைக்கும் போனது.

நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் நிதிலன் என் காதருகே சொன்னான்.

"அண்ணன் போயிட்டான்."

"ம்."

"பாப்பாவையும் தூக்கிட்டுப் போயிட்டான்."

"எந்தப் பாப்பாடா?"

"நம்ம பாப்பா. உன் பக்கத்துலயே படுத்திருக்குமே. நீ போன்னு சொன்னதும் அழுதுச்சு."

 ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். வந்திருந்தாள். நான் மணிச் சத்தத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் சத்தமே போடாமல் என் பக்கத்தில் படுத்திருந்தாள். என் வாயாலேயே போகச் சொல்லிவிட்டேன்.

அந்தத் துணியை எரிக்கிற குப்பைப் பையில் போட்டேன். அந்த ஒரு முறை சரியாகப் பிரித்திருந்தேன். லாரியில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு மணி அடிக்கவில்லை, ஷூக்கள் மறுபடியும் மூலைக்கொன்றாகக் கிடந்தன. மூன்று மாதத்தில் நாங்கள் கரூருக்கே திரும்பிவிட்டோம்.

போன மாதம் கொமோரி அம்மா போனில் ஒரு படம் அனுப்பினார். கல் சாமிக்குப் பக்கத்தில் இன்னொரு கல். உள்ளங்கை அளவுதான். யார் வைத்தது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லையாம். தன் பையன் இப்போது தனியாக இல்லை என்று எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக் கல்லின் கழுத்தில் பச்சைத் துணி. மாங்காய்க் கரை.

இங்கே மதியம் ஒன்றரை என்றால் அங்கே ஐந்து. அந்த நேரத்துக்கு நான் எந்த வேலையும் செய்வதில்லை. பாட்டு போட்டிருப்பார்கள். பிள்ளைகளை அவரவர் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். வா என்று சொல்லிவிடக் கூடாதே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.