வேலாயி அசைந்த படம்

கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த நடராஜாவிடம் அழகையா சுமைகாரனாகத்தான் சேர்ந்தான். கோப்பி கொழித்த காலம் அது. துரைமார் ஆளுக்கொரு மலையை வாங்கி, அந்த மலையைப் படம் பிடித்துக் கப்பலில் அனுப்பி, சீமையில் இருந்த சொந்தக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். அதற்காகப் படப்பெட்டி, அதன் மூன்று கால், ஆள் புகுந்து வேலை செய்யும் கறுப்புக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தட்டுகள் எல்லாம் மலையேற வேண்டும். ஏற்றியது அழகையாவின் தலை. இரண்டு வருடத்தில் ஒரு தட்டுக்கூட உடையவில்லை.

தலை நல்ல தலை, வாய்தான் கொஞ்சம் நீளம். கொழும்பில் ஒரு பறங்கியிடம் தொழில் படித்த நடராஜா, சாயங்காலத்தில் தான் எடுத்த படங்களை மேசையில் பரப்பித் தானே திட்டுவார். “வானம் பாதி, பூமி பாதின்னு வெட்டினா அது பாகப்பிரிவினை, படமில்ல” என்பார். ஒரு நாள் பின்னாலிருந்து அழகையா சொன்னான்: “அந்தப் பாக்கு மரம் கங்காணி மண்டையில முளைச்ச மாதிரி நிக்குது, ஐயா.” நடராஜா திரும்பி முறைத்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மரம் மண்டையில்தான் முளைத்திருந்தது. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் அழகையா ஒரு குறையாவது சொல்லாமல் விட்டதில்லை. கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. உள்ளே கண்ணாடியில் உலகம் தலைகீழாக விழும். மகாவலி ஆறு மேலே ஓடும், மலைகள் வௌவாலாய்த் தொங்கும். முதல் நாள் அழகையா கிறுகிறுத்துப் போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். பழகிய பின் அந்தக் கிறுகிறுப்பு இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

வேலாயியை அவன் முதலில் பார்த்ததும் தலைகீழாகத்தான். மலை எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமானால் படத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். நடராஜா இருபது எண்ணும்வரை அந்த ஆள் அசையக் கூடாது. அசைந்த இடம் படத்தில் புகையாகப் போய்விடும். தோட்டத்து ஆட்கள் யாரை நிறுத்தினாலும் ஐந்து எண்ணுவதற்குள் ஒருவர் சொறிவார், ஒருவர் வெற்றிலை துப்புவார். ஹந்தானை மலைச்சரிவில் இருந்த தோட்டத்தில் கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த வேலாயி மட்டும் காலில் அட்டை ஏறியும் கல்லாக நின்றாள். எண்ணி முடிந்த பிறகு நிதானமாகக் குனிந்து அட்டையைக் கிள்ளி எறிந்தாள். துணிக்குள்ளிருந்து வெளியே வந்த அழகையாவுக்கு நிமிர்ந்த உலகம் பிடிக்கவில்லை.

அதே தோட்டத்தில் அடுத்து எடுத்த மூன்று படங்களிலும் அவளே வந்து நின்றாள். கங்காணிதான் அனுப்பி வைக்கிறார் என்று நம்பினான். மலையில் எந்த மரம் பிசகு என்று கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் நடப்பது தெரியவில்லை, பாவம்.

தையில் பழம் பறிப்பு முடியும் தறுவாய்க்கு வந்தது. வேலாயியும் அவள் தாய் நல்லம்மாவும் இருந்த கூட்டம் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது. மாத்தளை வழியாக மன்னாருக்கு நடந்து, தோணி ஏறி ஊருக்கு. அடுத்த பருவத்தில் எந்தத் தோட்டத்துக்கு வருவார்கள், வருவார்களா என்பதே யாருக்கும் தெரியாது. புதன்கிழமை அந்தத் தோட்டத்தில் ஐந்தாவது படம். அழகையா கேட்க நினைத்ததைக் கேட்க அதுதான் கடைசி நாள். கேட்காமல் விட்டால் ஆயுளுக்கும் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மீதி ஒரே ஒரு தட்டு. மருந்து பூசி ஈரம் காய்வதற்குள் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். “ஆத்து வளைவுக்கு நேரா நிறுத்திட்டு ஓடியா” என்று நடராஜா விரட்டினார். அழகையா ஓடினான். வேலாயி கூடையோடு வந்து நின்றாள். நான்கு அடி தள்ளி நல்லம்மா, அதற்கப்பால் கங்காணி. மூன்று நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. கூடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, வந்த வாக்கில் சொன்னான்:

“என்னைக் கட்டிக்கிறியா? சம்மதம்னா அவர் எண்ணும்போது தலைய ஆட்டு. இல்லேன்னா எப்பவும் போல நில்லு.”

சொல்லிவிட்டு ஓடி வந்தவனுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. முதலாளியின் கடைசித் தட்டைக் கெடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதைவிட மோசம், ஆறும் அடங்கட்டும் என்று பெட்டி இந்த முறை வெகு தள்ளி நின்றது; அத்தனை தூரத்திலிருந்து தலை ஆடுகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நடராஜா பெட்டியின் மூடியைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. அழகையா கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தான். கோப்பிச் செடி தெரிந்தது, கூடை தெரிந்தது, சேலை தெரிந்தது. இருபது. மூடி விழுந்தது.

கூடாரத்துக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்றார்கள். நடராஜா மருந்தை ஊற்றினார். மலை வந்தது. ஆறு வந்தது. வேலாயியின் பாதம், சேலை, இடுப்பில் கூடை, தோள் எல்லாம் வந்தன. கழுத்துக்கு மேலே புகை.

அழகையா துள்ளிய துள்ளலில் கூடாரத்தின் கம்பு சாய்ந்து துணி இருவர் மேலும் விழுந்தது. தட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பிடித்துக் காப்பாற்றிய நடராஜா, வெளிச்சத்துக்கு வந்ததும் கொதித்தார். “துரைக்குத் தலையில்லாத முண்டத்தையா குடுக்கிறது? நீ எதுக்குடா குதிக்கிற?” அழகையாவால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

 நடராஜா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தட்டின்மேல் குனிந்தார். எந்தப் படத்தையும் ஆராயாமல் விடமாட்டார் அல்லவா.

“ரொம்ப மகிழ்ந்துக்காத. புகை பக்கவாட்டுல போகுது. மேலயும் கீழயும் ஆட்டலை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா மாட்டேன்னு சொல்லியிருக்கா.”

அழகையாவின் முகம் கறுத்துவிட்டது. பிறகு ஒரு பிடி கிடைத்தது. “சம்மதம்னா நம்ம ஆளுக பக்கவாட்டுலதானே ஐயா ஆட்டுவாங்க? இப்படி.” ஆட்டிக் காட்டினான். “அது சாய்க்கிறது. இது திருப்பினது. இப்படி” என்று நடராஜா ஆட்டினார். இவன் இன்னொரு மாதிரி ஆட்டினான். நடுமலையில் இரண்டு ஆண்பிள்ளைகள் எதிரெதிரே நின்று சாமி வந்தவர்கள்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பழம் பொறுக்கிய பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“நீயே போய்க் கேளுடா” என்று கடைசியில் நடராஜா தட்டை அவன் கையில் கொடுத்தார்.

சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு அழகையா சரிவில் ஏறினான். வாழ்க்கையில் அவன் ஒரு தட்டைத் தலையில் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துப் போனது அன்றுதான். நல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள், “என்னா தம்பி?” என்றாள். அவன் அவளைத் தாண்டி வேலாயியிடம் நீட்டினான். இதற்கு முன் நான்கு படத்துக்கு நின்றிருந்தாலும் அவள் தன் படத்தைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

“தலை எங்க?” என்றாள்.

“அதைத்தான் நானும் கேக்க வந்தேன். ஆமான்னு ஆட்டினியா, இல்லேன்னு ஆட்டினியா?”

“நீங்க சொன்ன விதத்துல சிரிப்பு வந்துருச்சு. அடக்கப் பார்த்தேன். தலை தன்னால ஆடிருச்சு.”

“அப்போ பதில் சொல்லலையா?”

வேலாயிக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது. வேலை நடுவே நிரையை விட்டு வெளியே போனவர்களுக்குக் கங்காணி அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார், பாதி நாள் கூலி போச்சு.

“உங்க பெட்டி முன்னால நிக்கிறதுக்கு யாரும் என்னைய அனுப்பல. நானா வந்தேன். இன்னிக்கோட அஞ்சு அரைப்பேரு. அது போதாதுன்னு தலைய வேற ஆட்டணுமா?”

அழகையாவுக்கு மலை, ஆறு, வானம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக நின்றது. இந்த முறை துணியும் இல்லை, பெட்டியும் இல்லை. அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, சிரித்துக்கொண்டே அழுதான். நல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இத முன்னமே சொல்லித் தொலைச்சிருந்தா மூட்டை கட்டியிருக்க மாட்டேனே” என்றாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் தாயையும் மகளையும் விட்டுவிட்டுப் புறப்பட்டது. துரைக்கு மறு வாரம் வேறு படம் எடுத்துக் கொடுத்தார்கள். தலையில்லாத படத்தில் ஒரு பிரதி போட்டு நடராஜா கல்யாணத்துக்குக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் அழகையாவும் வேலாயியும் குடியிருந்த அறையில் அது வெகுகாலம் தொங்கியது. உலகத்திலுள்ள படத்துக்கெல்லாம் குறை சொன்ன அழகையா அந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. வேலாயிதான் வருகிறவர்களிடம் அதைக் காட்டி, “ஆறு இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வந்திருக்கலாம்” என்பாள்.