கண்ணாடியைக் கழற்றிய சொர்ணம்

1996-இல் ஒரு மதியம், கச்சேரி ரோட்டில் கல்யாணப் பத்திரிகையும் காரியப் பத்திரிகையும் அடித்துக்கொடுக்கும் எங்கள் டி.டி.பி. கடைக்குத் தமிழ் ஃபான்ட் விற்க ஒருவர் வந்தார். ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். திரையில் எழுத்துகள் தெப்பக்குளத்து மீன்கள் மாதிரி மினுங்கின. நான் சொக்கிப்போய் முதலாவதையே வாங்கியிருப்பேன்.

டைப் அடிக்கும் சொர்ணம் விடவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், முன்கோபக்காரி. "ஸ்க்ரீன்ல எல்லாமே அழகாத்தான் கீது" என்று சொல்லி, ஒவ்வொரு ஃபான்டிலும் ‘சுப்புராயன்’ என்ற ஒரே பெயரை அடித்து, பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். கலங்கித் தெரிந்ததையெல்லாம் கசக்கிப் போட்டாள். மின்விசிறிக் காற்றில் அவை தரையெங்கும் மெதுவாக உருண்டன.

"கண்ணாடி போட்டுப் பாருங்கம்மா" என்றார் வந்தவர்.

"காரியப் பத்திரிகையை அழுதுகினேதான் சார் படிப்பாங்க. எங்க வூட்டுக்காரர் காரியத்துக்கு அடிச்சதுல அவர் பேரை என்னால படிக்கவே முடில."

ஏழாவது தாளை வெகுநேரம் பார்த்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாமலே இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள், அவர் வாசலில் வந்து நிற்பதுபோல் மெல்லக் கூப்பிட்டாள்.

"சுப்புராயன்."