திரும்பாத கோடு

நான் தூங்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. பார்த்ததைத்தான் பார்த்தேன்.

வனஜா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே கொழுந்தன் பெத்துராஜ் உட்கார்ந்து, "பனியில கண்ணு ஏமாத்தியிருக்கும் மதினி" என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தான். ஒரு வருடப் பழக்கத்தில் அவள் கை தானாகவே டீயை ஆற்றி அவன் பக்கம் நகர்த்தியது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இந்த ஜனவரியில், கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் நடந்தது இது. நள்ளிரவில்கூட இல்லை. விடிந்த பிறகு.

வனஜாவின் கணவன் மணிவேலும் அவன் தம்பி பெத்துராஜும் தூத்துக்குடிக்காரர்கள். ஹூக்ளி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் அரிசியும் கயிறும் கொண்டுபோய்க் கொடுக்கச் சின்ன விசைப்படகு ஒன்று வைத்திருந்தார்கள். போன ஜனவரியில், மூடுபனி அடைத்துக் கிடந்த ஒரு காலையில், மணிவேல் படகிலிருந்து ஆற்றுக்குள் விழுந்தான். படகில் இருந்தது அண்ணனும் தம்பியும் மட்டும். ஓட்டிக்கொண்டிருந்தவன் பெத்துராஜ்.

"உடனே திருப்பிட்டேன் மதினி. சுத்திச் சுத்தி வந்தேன். அண்ணே அண்ணேன்னு தொண்டை கிழியக் கத்துனேன்."

தொண்டை நிஜமாகவே கிழிந்திருந்தது. ஒரு வாரம் அவனுக்குக் குரலே வரவில்லை. வனஜா பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். தன் அழுகையைப் பிறகு அழுதுகொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள். கண்ணெதிரே அண்ணனைப் பறிகொடுத்தவன் அல்லவா, முதலில் இவன் தேறட்டும் என்று நினைத்தாள். ஒதுக்கி வைத்தது பிறகு வரவே இல்லை.

படகுக்கு வழிகாட்டிய ஜிபிஎஸ் பெட்டியும் அன்றோடு செத்துவிட்டது. "தண்ணி போயிருச்சு" என்றான் பெத்துராஜ். யாரும் அதைத் தொடவில்லை.

அந்தப் பெட்டியைப் பார்க்க வனஜாவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் மணிவேல். ஒருமுறை அவளும் படகில் இருந்தபோது முட்டைக்கோஸ் மூட்டை ஒன்று ஆற்றில் விழுந்தது. மணிவேல் சட்டென்று ஒரு பட்டனை அழுத்தினான்.

"ஆள் விழுந்தா அமுக்குற பட்டன் இது. விழுந்த எடத்துல குறி விழும். பாத்துக்கிட்டே திரும்பிப் போயிரலாம்."

படகு போன பாதை திரையில் புள்ளிக் கோடாக விழுந்துகொண்டே வந்தது. வளைந்து, சுழன்று, குறியைச் சுற்றி ஒரு முறுக்கு மாதிரி ஆனது. மூட்டையைக் கொக்கியால் இழுத்துப் போட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"கோசுக்கே இந்த மரியாதை. நீ விழுந்தா எம்புட்டுச் சுத்துவேன்னு பாத்துக்க."

"நான் எதுக்கு விழறேன்? உங்களைத் தள்ளிவிட்டுட்டு நானே ஓட்டுவேன்" என்றாள் அவள்.

இந்தக் குளிர்காலத்தில் கப்பல் ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார். ஜிபிஎஸ் இல்லாத படகுக்குப் பனிக்காலத்தில் சரக்கு கிடையாது. சரக்கு இல்லையென்றால் வனஜாவுக்குச் சோறும் இல்லை. புதுப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போனை வைத்தாள். பக்கத்துக் கிதர்பூரில் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் முகமது ரபீக்தான் ஒரு வழி சொன்னார். அவரும் தமிழர், காயல்பட்டினத்துக்காரர்.

"புதுசு எதுக்கு அக்கா? பழசையே சரி பண்ணிப் பார்ப்போம். ஆண்டெனா மட்டும் வேற போடணும். ஆழம் பார்க்கிற மெஷினும் வேணும்னா, உடைச்ச கப்பல்லேருந்து வந்தது ஒண்ணு இருக்கு. பாதி விலைக்கும் கீழே."

பெத்துராஜுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தச் சனியனை எதுக்குக் கட்டி அழுவுதிய மதினி? கழட்டி ஆத்துல போடுங்க. புதுசு நான் வாங்கித் தாரேன். என் காசுல."

கறிவேப்பிலை கொசுறு தராத கடைக்கு மறுபடி போகாதவன் அவன். வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன தம்பி, லாட்டரி ஏதும் விழுந்துச்சா?"

அவன் சிரிக்கவில்லை.

அண்ணன் நினைவு வருகிறது போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அவனுக்காகக் காரணம் கண்டுபிடிப்பது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. ஆனாலும் அவன் காசு வேண்டாமென்று தோன்றியது. அவனிடம் சொல்லாமல் ஒரு மாலையில் ரபீக்கிடம் படகின் சாவியைக் கொடுத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகில் பார்க்கலாம் என்றார் அவர்.

ஆறே முக்காலுக்குப் படித்துறையில் இருந்தாள். பனி. ஆறு இருப்பது வாசனையில்தான் தெரிந்தது. படிகளில் பாதிக்குக் கீழே எதுவும் இல்லை. கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஏதோ இரும்பு விழும் ஓசை கேட்டது. அதுவும் நின்றது.

பலகையில் கால் வைத்துப் படகில் ஏறினாள். கேபின் கதவு லேசாகத் திறந்திருந்தது. ரபீக் வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

உள்ளே யாரும் இல்லை. பேட்டரி சுவிட்ச் அணைந்திருந்தது. அதை நன்றாகப் பார்த்தாள்.

பிப்...

போன் என்று நினைத்துப் பையைத் துழாவினாள். போன் சும்மா இருந்தது. மணி 6:52.

பிப்... பிப்...

நிமிர்ந்தாள். பெட்டியின் திரை எரிந்துகொண்டிருந்தது. மங்கலான பச்சை. கண்ணாடியின் உள்பக்கமாக நீர் வழிந்தது. மூலையில் மணி, 6:52. பக்கத்தில் தேதி.

போன வருடத் தேதி. அவளுக்கு மறக்காத தேதி.

திரையில் ஆற்றின் படம். அதில் படகைக் காட்டும் சின்ன முக்கோணம். கட்டிக் கிடக்கிற படகில், அது நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் புள்ளி... புள்ளி... புள்ளியாகக் கோடு.

பிப் பிப் பிப்.

குறி விழுந்தது. கை தூக்கிய மனித உருவம்.

இப்போது திரும்பும் என்று வனஜா காத்திருந்தாள். வளையும். சுழலும். முறுக்கு மாதிரி ஆகும்.

கோடு திரும்பவில்லை.

நேராகப் போனது. சற்றும் தயங்காமல் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

திரை அழிந்தது. மறுபடி முக்கோணம். மறுபடி குறி.

மறுபடி... நேராக.

பட்டனைப் பார்த்தாள். ஈரம்.

பெருவிரல் அளவு ஈரம்.

கண்ணாடியைத் தொட்டாள். ஐஸ் மாதிரி சில்லிட்டது.

திரை இருண்டது.

எப்படிக் கரையேறினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

ஒன்பது மணிக்குப் பெத்துராஜ் வீட்டுக்கு வந்தான். பெட்டி எரிந்தது என்று மட்டும் சொன்னாள். அதற்குத்தான் இவ்வளவு நேரமாகக் கண், பனி, மனசு என்று பேசிக்கொண்டிருக்கிறான். அவன் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"கோடு திரும்பல தம்பி."

"எந்தக் கோடு?"

"ஆள் விழுந்த குறி விழுந்துச்சு. அதுக்கப்புறம் நேரா படித்துறைக்கு வந்துச்சு."

"குறி எப்பிடி மதினி விழும்? நான் அந்தப் பட்டனை அமுக்கவே இல்லையே."

சொன்ன பிறகுதான் அவன் காதிலும் அது விழுந்தது.

டீயில் ஆடை படர்ந்தது. வனஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டை முட்டைக்கோசுக்காகத் திரும்பிய படகு அது.

"எதுத்தாப்ல கப்பல் ஹாரன் கேட்டுச்சு மதினி. ஒண்ணுமே தெரியல. மோதிருமோன்னு... பயந்துட்டேன்."

"கத்தினேன்னு சொன்னீங்க."



"கத்துனேன். கரைக்கு வந்த பெறவு."

அந்தத் தொண்டைக்குத்தான் மஞ்சளும் மிளகும். அண்ணனைக் கூப்பிட்டுக் கிழிந்த தொண்டை இல்லை அது. அவள் நம்புவதற்காகக் கிழித்துக்கொண்டது. திரும்பாமல் வந்ததைக்கூட என்றாவது மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. தன் கையால் காய்ச்சிய அந்தப் பாலை அவன் குடித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ரபீக், கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. இந்தப் பனியில ஒரு ஆட்டோ கிடைக்கல. நேத்து சாயங்காலமே இதைக் கழட்டிக் கடைக்குக் கொண்டுபோயிட்டேன். கதவை வேற சரியாப் பூட்டினேனான்னு சந்தேகம்."

பொட்டலத்தைப் பிரித்தார். பச்சைப் பாசி பிடித்த போர்டு. துருவேறிய பட்டன்கள். குறுக்கே விரிசல் விட்ட கண்ணாடி.

"உள்ளே எல்லாம் அரிச்சுப்போச்சு அக்கா. இனிமே இதுக்கு உயிர் வராது."

"இது... எல்லாமேவா?" என்றாள் வனஜா.

"எல்லாமேதான். படகுல வெறும் கூடுதான் இருக்கு. முன்பக்கம் ஓட்டையா இருக்கேன்னு ஒரு அட்டையைச் சொருகிட்டு வந்தேன். காலையில பார்த்திருப்பீங்களே."

வனஜா தன் விரல் நுனியைப் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்ட விரல். அந்தச் சில்லிப்பு இன்னும் போகவில்லை.

பெத்துராஜ் எழுந்துவிட்டான்.

"மதினி, அந்தக் கூட்டையும் கழட்டி ஆத்துல போட்டுருவோம். புதுசு இன்னைக்கே வாங்கிருவோம். நான் பேசுனது நமக்குள்ள இருக்கட்டும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

நாளைக்கும் பனிதான். அந்தக் கூட்டுக்கு எதிரே நின்றுதான் அவன் படகை ஓட்ட வேண்டும்.

தம்பி என்ற சொல் நாக்குவரை வந்து நின்றது. வனஜா ஆறிப்போன டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "கூடு அங்கேயே இருக்கட்டும்."