முன்னூற்றேழில் ஒன்று

லீலாவதியைக் கெட்டிக்காரி என்று உடனே சொல்லிவிட முடியாது. உத்திரமேரூரில் நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இன்னும் இரண்டு விரலால்தான் டைப் அடிப்பாள். ஆனால் எண்ணிக்கை ஒன்று உதைத்தால், அது சரியாகும்வரை மத்தியானச் சோறு அவளுக்கு இறங்காது.

பொங்கல் கழிந்த வாரம் நிறுவனம் பழைய மெயிலை விட்டுப் புதியதற்கு மாறியது. மறுநாள் அவள் திரையில் எல்லாமே இரட்டை. இரண்டு இன்பாக்ஸ், இரண்டு காலெண்டர். மெயில்களை இழுத்து இழுத்து ஒரே ஃபோல்டரில் போட்டுத் திங்கட்கிழமையை ஓட்டினாள். காலெண்டர்தான் பயமுறுத்தியது. எந்த ஊருக்கு எந்த நாள் வண்டி என்பது அதில்தான் இருந்தது. டிரைவர் சின்னராசு அதைத் தன் போனில் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்புவான்.

செவ்வாய்க்கிழமை, சென்னை அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கும் ஸ்ரீராம்குமார் போனில் வந்தான். "ரெண்டு காலெண்டரையும் ஒண்ணா சேத்துட்டீங்களா மேடம்? இப்போ அந்த டூப்ளிகேட் பட்டனை அமுக்குங்க. பேரு, நாள், நேரம் ஒண்ணா இருந்தா ஒண்ணை வெச்சிக்கினு மீதியைத் தூக்கிடும்."

அமுக்கினாள். அறுநூற்றுப் பதினான்கு பதிவுகள் முன்னூற்று ஆறாகச் சுருங்கின.

"தம்பி, ஒண்ணு கொறையுது."

"எது மேடம்?"

"பாதின்னா முன்னூத்தி ஏழு. இங்க முன்னூத்தி ஆறுதான் கீது."

"ஒண்ணுதானே, விடுங்க."

"உனக்கு ஒண்ணு. யாருக்கோ அது ரெண்டு ஏக்கரா நெல்லுபா."

போனை வைத்துவிட்டு, அழிந்தவை கிடந்த ஃபோல்டரைத் திறந்தாள். ஒவ்வொரு பெயரும் ஒரு முறை வர வேண்டும். மூன்று மணிக்கு அது அகப்பட்டது: 'முத்துகிருஷ்ணன், சாலவாக்கம், வியாழன் காலை 7'. மூன்று முறை இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு வேறு போன் நம்பர்கள். முதல் நம்பருக்கு அடித்தாள்.

"உங்களுக்கு வியாழக்கிழமை ஏழு மணிக்குத்தானே வண்டி?"

"ஆமாமா. இன்னா, வராதா? கதிரு சாஞ்சிக்கினு கீதுமா!"

"வரும், வரும். இன்னொரு நம்பரும் உங்களுதா?"

"அது என் சித்தப்பா மவன். ரெண்டு பேருக்கும் எங்க தாத்தா பேரு. ஏன், அவனுக்கும் ஏழு மணியா? இன்னாமா நீ, ஒரே வண்டியப் போயி ரெண்டு பேருக்கும் குட்துட்டியே!"

லீலாவதிக்கு முகம் சுருங்கியது. பெயரும் நாளும் நேரமும் ஒத்தால் இரண்டும் ஒன்றே என்று கணினி நம்பியது. ஆனால் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டது அவளுடைய இரண்டு விரல்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் வண்டி தென்னேரிப் பக்கம். வியாழனை விட்டால் ஒருவருடைய நெல் வயலிலேயே உதிரும்.

"ரோட்டோரம் யாரு கயனி?"

"என்னுது. அவன்து எனக்குப் பின்னால."

"அப்போ உங்களுத அறுத்தாதான் வண்டி அவருக்குப் போவ வழி. நீங்க ஏழு, அவரு பத்து."

"அப்படிப் போடு! இத அவன்கிட்ட நீயே சொல்லிடுமா. நான் சொன்னா வேணும்னே சொல்றான்னுவான்."

சொன்னாள். இரண்டாமவர் சற்று முறுக்கிக்கொண்டார். தன் வயலுக்கு வேறு வழி இல்லாததால் இறங்கி வந்தார். அழிந்த பதிவை மீட்டு, ஒருவருக்கு 'ரோட்டோரம்', மற்றவருக்கு 'உள்கழனி' என்று சேர்த்து, நேரத்தையும் மாற்றினாள். முன்னூற்று ஏழு. ஆறிப்போன சோற்றை மூன்றரை மணிக்குச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உள்கழனிக்காரரிடமிருந்து போன். பின்னால் இயந்திரத்தின் இரைச்சல்.

"பாதி அறுத்தாச்சிமா! எங்க அண்ணன் வரப்புல நின்னுகினு, அந்தப் பக்கம் சேறு, இந்தப் பக்கம் வான்னு சின்னராசுவ வேல வாங்குது. அதுக்குக் கூலி கேக்குமோ இன்னாவோ!"

லீலாவதி சிரித்துக்கொண்டே சோற்று டப்பாவைத் திறந்தாள். சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.