நடுவில் விழுந்த பந்து

ஒரகடத்தில் எங்கள் கம்பெனிப் பெண்களின் த்ரோபால் அணிக்கு நான்தான் கேப்டன். பயிற்சியில் எனக்கும் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் செல்விக்கும் நடுவில்தான் பந்து விழும். "எடுக்கிறவ 'நான்'னு கத்தணும்டி!" என்று தொண்டை கிழியச் சொல்லியும் அவள் வாய் திறக்கவில்லை. திமிரா, பயமா?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?"

சிரித்தாள். "எங்க லைன்ல மெஷின் சத்தத்துல கத்தினா யாருக்குக்கா கேக்கும்? கையத்தான் தூக்குவோம். இங்கயும் தூக்கிக்கினுதான் இருக்கேன். நீதான் பாக்குறதே இல்ல."

மறுநாளும் பந்து எங்கள் நடுவில் வந்தது. கத்தப்போன நான் திரும்பிப் பார்த்தேன். செல்வியின் கை உயர்ந்திருந்தது. பேசாமல் விலகினேன். பந்தைப் பிடித்துவிட்டாள்.

இப்போது அவள் கத்தப் பழகுகிறாள், நான் பார்க்கப் பழகுகிறேன். அவள்தான் முதலில் தேறுவாள் போலிருக்கிறது.