திருச்சி ரோட்டில் திரும்பிய வேன்: வாப்பாவை அழைக்க மதுரை விமான நிலையத்துக்கு

மதுரை விமான நிலையத்தின் பெயரோடு 'சர்வதேச' என்ற சொல் சேர்ந்துவிட்டது என்று சேதி வந்த அன்று, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருநாள் வந்ததுபோல் ஆளாளுக்கு வாழ்த்து. எங்கள் ஊர் புதுமடம், ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். பெயர் மாறினால் விமானங்கள் கூடும், தோஹாவுக்கும் ஜித்தாவுக்கும் நேராகப் போகலாம் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் துபாயிலிருந்து வாப்பாவின் குரல் பதிவு வந்தது. "மதுரைக்கே டிக்கெட் போட்டுட்டேன். விசாவ கேன்சல் பண்ணியாச்சு. இதோட சரி." இருபத்தொன்பது வருடம் ஒரு மளிகைக் கடையில் நின்ற மனிதர் அதை இவ்வளவுதான் சொன்னார்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். உடனே லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அவருக்குப் பதில் போட்டேன்: "நீங்க கதவத் தாண்டி வெளிய வரும்போது கம்பிகிட்ட மொத ஆளா நான் நிப்பேன் வாப்பா."

அப்படி வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு நாலு வயதில் வாப்பா முதல் லீவுக்கு வந்தார். திருச்சி விமான நிலையத்தில் உம்மா என்னைத் தூக்கித் தடுப்புக் கம்பியின் மேல் உட்கார வைத்திருந்தார். தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து கையை நீட்டினார். நான் அலறிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அவர் பக்கமே போகவில்லை. குடும்பத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், வாப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்தார் என்பதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் உம்மா சொன்னார். அதற்குப் பிறகு பன்னிரண்டு தடவை வந்திருக்கிறார். பரீட்சை, பிரசவம், அலுவலகம் என்று பாதிக்கு மேல் நான் போகவில்லை. இது கடைசித் தடவை, இதையும் விட்டால் இன்னொன்று கிடையாது.

பழைய திருச்சிப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுமடத்திலிருந்து 205 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம். ஒரு ஆளை அழைக்கப் பதினாறு பேர் போவோம். பெரிய தேக்சாவில் தக்காளிச் சோறு, பொரித்த நெத்திலிக் கருவாடு, சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் பை. தேவிபட்டினத்தில் டீ, திருமயம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சோறு. திரும்பும்போது வேன் கூரையில் நைலான் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், உள்ளே வாப்பாவின் அத்தர் வாசம். மறுபடி அதே தேவிபட்டினத்து டீக்கடை. கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "லீவு எத்தன மாசம்?" என்று கேட்பார். "ரெண்டு மாசம்," என்பார் வாப்பா. அந்தப் பதிலைக் கேட்டதும் உம்மா வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இப்போது மதுரை விமான நிலையம் எங்களுக்கு 140 கிலோமீட்டர்தான், இரண்டே முக்கால் மணி நேரம். பக்கத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பக்கத்தில் வந்ததுமே, "மதுரதானே, யாராச்சும் ரெண்டு பேரு போனாப் போதும்" என்று சொந்தக்காரர்கள் கழன்றுகொண்டார்கள். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பிய பதினாறு சீட்டு வேனில் நான், உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, டிரைவர் கருப்பையா அண்ணன், நாலே பேர். காருக்குச் சொல்லலாம் என்று நான் சொன்னதற்கு உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வேனுலதான் போகணும்" என்று ஒரே பிடிவாதம். வாடகை ஆறாயிரம்.

கருப்பையா அண்ணன் இருபத்தைந்து வருடமாக எங்கள் தெருவுக்கு 'ஏர்போர்ட் டிரைவர்'. வாப்பாவை நாலு தடவையைத் தவிர மற்ற எல்லாத் தடவையும் அழைத்து வந்தவர் இவர்தான். உச்சிப்புளி தாண்டும்போது கேட்டார், "பேர மாத்திட்டா பிளேன் வந்துருமா பாப்பா?"

"வரும்னுதான் சொல்றாங்கண்ணே."

"ஜித்தாவுக்கு நேரா விட்டா இங்கனயிருந்தே மக்காவுக்கு உம்ரா போயிரலாம், இன்ஷா அல்லாஹ்," என்றார் உம்மா. "அவுகளும் நானுமா." அப்புறம் பேச்சு உம்ரா, பாஸ்போர்ட், யாருக்கு முட்டிவலி என்று எங்கெங்கோ போனது. யாரும் ரோட்டைப் பார்க்கவில்லை. எட்டே முக்காலுக்கு வேன் நின்றது. இறங்கினோம். உம்மா சீனி குறைவாக டீ சொன்னார். நான் ஒரு பருப்பு வடையை எடுத்துக் கடித்தேன்.

டீக்கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "யாரு வாராக?" என்றார்.

"வாப்பா. மொத்தமா வாராக," என்றாள் ராத்தா.

"சந்தோசம். பிளேன் எத்தன மணிக்கு?"

"பத்தே முக்காலுக்கு."

"ரெண்டு மணி நேரத்துல திருச்சிக்கு எப்படிப் போவீக?"

"திருச்சி இல்லண்ணே, இப்ப மதுரைக்கு..." என்று ஆரம்பித்த எனக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது.

"மதுரை போறவுக தேவிபட்டினத்துல என்ன செய்றீக?"

கருப்பையா அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "அடக் கருமமே!"

வெளியூர்க்காரர்களுக்கு விளங்க வேண்டுமே. ராமநாதபுரத்தில் நேராகப் போனால் பரமக்குடி, மதுரை. வலப்பக்கம் திரும்பினால் தேவிபட்டினம், திருச்சி. 'ஏர்போர்ட்' என்று சொன்னதும் இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவர் கை ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "கண்ண எங்கண்ணே வச்சுட்டு ஓட்டுனீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் டீக்காசைக் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினார், பாவம். வேனில் ஏறிய பிறகுதான் என் கையில் மிச்ச வடை இருப்பதைப் பார்த்தேன். அவர் கைதான் பழக்கத்தில் திரும்பியது என்றால், ஏன் நின்றோம் என்றுகூடக் கேட்காமல் இறங்கி வடை தின்றது யார்? "மன்னிச்சுக்கங்கண்ணே," என்றேன். "நீ வையி பாப்பா. அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல," என்று அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

ராமநாதபுரத்தை மறுபடி தொட்டபோது ஒன்பது இருபத்தைந்து. பரமக்குடியில் ஒரு கல்யாண ஊர்வலம் நடுரோட்டில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும், நான் மனதுக்குள் திட்டியதெல்லாம் பலிக்காமல் போகட்டும். வாப்பாவின் துபாய் நம்பர் அணைந்திருந்தது, ஊர் சிம் அவரிடம் இல்லை. போனில் பார்த்தால் விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டிருந்தது. பின்சீட்டில் உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். மானாமதுரை தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தா என்னைத் திட்டினாள், தானும் அழுதாள்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐந்து. புதுப் பெயரோடு ஒரு படம் எடுத்து இந்தப் பதிவில் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வருகை வாசலில் வேறு ஏதோ விமானத்துக்காக ஒரு கூட்டம் கம்பியைப் பிடித்து நின்றது. எல்லார் கண்ணும் கதவில். ஓரத்தில், லேசாகக் கூன் விழுந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவரும் கம்பியைப் பிடித்து நின்றார். அவரிடம் போய் மூச்சு வாங்கக் கேட்டேன்: "பெரியவரே, துபாய் பிளேன் ஆளுங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"

அவர் திரும்பினார். வாப்பா.

தினமும் வீடியோ காலில் பார்த்த முகம்தான். ஆனால் வீடியோ காலில் முதுகு தெரியாதே. இருபத்தேழு வருடம் கழித்து மறுபடியும் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் வந்துட்டாக," என்றார் வாப்பா சிரித்துக்கொண்டே. "அழுவாத புள்ள. இந்தத் தடவ அலறாம நிக்கிறியே, அதுவே போதும்." என் தலையைத் தடவிவிட்டுக் கம்பியைக் காட்டினார். "நீங்க வரலன்னதும், நீங்க நிக்கிற எடத்துல நின்னு பாப்பமேன்னு நின்னேன். ஒரு மணி நேரமாச்சு, காலு கடுக்குது. இம்புட்டு வருசம் இப்படியா நின்னீக?"

உம்மா பின்னால் வந்து சேர்ந்திருந்தார். வாப்பாவின் பெட்டித் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார்.

போகப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போதைக்கு மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், பெயர் வந்த அளவுக்கு விமானம் வர நாளாகும். எனவே கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ராமநாதபுரத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம், ஆட்டோவுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவரிடம் ஊர் சிம் ஒன்று முன்கூட்டியே இருக்கட்டும். பெரிய விமான நிலையங்களைப்போல நேரமாகும் என்று நினைக்காதீர்கள், வாப்பா நாற்பதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். டிரைவர் பழைய ஆளாக இருந்தால், ராமநாதபுரம் வந்ததும் நேராகப் போகச் சொல்லுங்கள்.

தேவிபட்டினத்து டீ மதுரை வழியில் இல்லை. போய் வர முப்பது கிலோமீட்டர் வீண். இருந்தாலும் திரும்பும்போது ராமநாதபுரம் வந்ததும் வாப்பா, "கருப்பையா, அங்கிட்டு ஒரு டீ குடிச்சுட்டுப் போவமா?" என்றார். கருப்பையா அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இந்தத் தடவை தெரிந்தே திரும்பினோம்.

கடைக்காரர் கிளாஸை நீட்டினார், காலையில் ராத்தா சொன்னதை மறந்து பழைய பழக்கத்தில் கேட்டார். "வாங்க பாய். லீவு எத்தன மாசம்?"

"ரெண்டு மாசம்," என்றார் வாப்பா, கிளாஸை வாங்கிக்கொண்டே. சொன்னது அவருக்கே தெரியவில்லை.

வெளியே பார்த்துக்கொண்டிருந்த உம்மா திரும்பினார். "லீவு இல்ல," என்றார், கடைக்காரரைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி. "வந்துட்டாக."