குளிரறையில் உறங்கிய ஆறு போத்தல்கள்

ஸபீனா ராத்தாவின் செடியைக் கொன்றவள் நான். அதை மறைக்க வேறொரு செடியை அவர் கையில் கொடுத்தவளும் நான்தான். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஓர் இழைய வளர்ப்புக்கூடத்தில் வேலை செய்கிறேன். செடியின் கடுகளவு துண்டைச் சத்துக்கூழ் உள்ள போத்தலில் இட்டுக் கன்றாக்குவோம். சிலவற்றை மட்டும் வளரவிடாமல் காப்போம். குளிரூட்டி, ஒளியைக் குறைத்து, கூழில் சீனியையும் சத்தையும் பாதியாக்கி... உறங்கவைப்போம். ஒரு வருடத்துக்குத் தொடவே கூடாது.

மூதூரில், அக்கா முறையில் நான் ராத்தா என்றழைக்கும் அவருடைய முற்றத்தில் பச்சைக் கரையிட்டு வெள்ளையாகப் பூத்த அந்தூரியம் அது. வேறெங்கும் நான் கண்டதில்லை. தாய்ச்செடி வெள்ளத்தில் அழுகிவிட்டது. எஞ்சியவை, முன்பே அதிலிருந்து துண்டெடுத்து எங்கள் குளிரறையில் உறங்கவைத்த ஆறு போத்தல்கள் மட்டுமே!

மாதக்கணக்காக அசையாத அந்தத் துளிர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாள் வெளிச்சத்தில் வைத்தால் என்ன? யாரையும் கேட்காமல் ஆறையும் தூக்கி, வெளிச்சமும் இளஞ்சூடும் உள்ள வளர்ப்புத் தட்டில் வைத்தேன்.

அடடா... அந்த மூன்று கிழமைகள்! காலையில் செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமையின்றி ஓடுவேன். புதுத் துளிர்! மறுநாள் இன்னொன்று! தனியே நின்று சிரித்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு துள்ளுகிறது... துள்ளலாமா?

அந்தத் துள்ளலில் ஆறையும் ஒரே நாளில் திறந்து, வெட்டிப் பிரித்தேன். கிருமி போகக் கத்தியைச் சுடரில் காட்ட மறந்தேனோ? நான்காம் நாள் எல்லாவற்றிலும் பூஞ்சணம். ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா நான்!

பூக்கும்வரை அந்தூரியக் கன்றுகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். சாதாரணச் சிவப்பின் கன்றொன்றில் அவர் பெயரை ஒட்டிக் கொடுத்தேன். அவர் என் கைகளைப் பிடித்து அழுதார்.

போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். மொட்டு வந்துவிட்டதாம்! நான் வந்தே ஆகவேண்டுமாம்! போனேன். பூ, சிவப்பு.

பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “என்ட கிணத்துத் தண்ணி உப்பு, தங்கச்சி. அதாலதான் நிறம் மாறிட்டுது போல. என்ன?”

“ஓம் ராத்தா,” என்றேன்.

கேட்டீர்களா? செடியைக் கொன்றது அவசரம். இந்த ‘ஓம்’... இதற்கு என்ன பெயர்?

இப்போது அவர் மூன்று வீடு தள்ளிப் போய் நல்ல தண்ணீர் சுமந்துவந்து ஊற்றுகிறார். முழங்கால் நோவோடு, தினமும்.

நேற்றும் அழைத்தார். இன்னொரு மொட்டு வந்திருக்கிறதாம்! இம்முறை வெள்ளையாகத்தான் பூக்குமாம். வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.